ஷாதோநஃப்-து-பாப் சிவப்பு ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குப் பிரான்சில், ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் ஒயினைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் பல வருடங்களாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குப் பத்தி பத்தியாக வந்துவிட்டது. மனதுக்கு நெருக்கமான விஷயங்கள் அப்படித்தான் நீள்கின்றன. இந்த ஊரில் தோட்டங்கள் ஏராளம். எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட ஒரு தோட்டத்தை நின்று பார்த்தால்தான் ஒயின் எப்படி உருவாகிறது என்பது பிடிபடும். அதற்காகப் போகாஸ்தெல் என்ற பழைய தோட்டத்தை எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது? பொருள் என்ன?

ஷா-தோ-நஃப்-து-பாப். பிரெஞ்சில் 'ஷாதோ' என்றால் கோட்டை, 'நஃப்' என்றால் புதியது, 'து பாப்' என்றால் போப்பாண்டவருடையது. மொத்தத்தில் 'போப்பின் புதுக்கோட்டை'. ஊருக்கும் அதே பெயர், ஒயினுக்கும் அதே பெயர். பிரான்சில் ஒயினுக்குப் பெரும்பாலும் திராட்சை வகையின் பெயரை வைக்கமாட்டார்கள். எந்த மண்ணில் விளைந்ததோ அந்த மண்ணின் பெயர்தான் ஒயினின் பெயர்.

எங்கே இருக்கிறது?

பாரிஸிலிருந்து தெற்கே இறங்கினால் லியோன் நகரத்துக்கும் மர்செய் துறைமுகத்துக்கும் இடையே அவின்யோன் என்ற மதில் சூழ்ந்த பழைய நகரம் வரும். அதற்கும் ஒராஞ்ஜ் என்ற ஊருக்கும் நடுவில் இந்த இடம். ஒயினுக்கான எல்லை ஒரே ஊரோடு முடிவதில்லை. ஷாதோநஃப், ஒராஞ்ஜ், கூர்தேசோன், பெதாரீத், சோர்க் என ஐந்து ஊர்களின் நிலம் இதற்குள் வருகிறது. மொத்தம் ஏறக்குறைய 3,200 ஹெக்டேர், அதாவது எட்டாயிரம் ஏக்கர் அளவு.

போப்பாண்டவர் ரோமில்தானே இருப்பார்? இங்கே அவருக்குக் கோட்டை எதற்கு?

நியாயமான கேள்வி. 14-ஆம் நூற்றாண்டில் ரோமில் அரசியல் குழப்பம். 1305-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் கிளெமென்ட் ஒரு பிரெஞ்சுக்காரர். அதற்குமுன் போர்தோவின் பேராயராக இருந்தவர். அவர் ரோமுக்குப் போகாமல் 1309-இல் அவின்யோனில் தங்கினார். அப்புறம் 1377 வரை ஏழு போப்புகள் இங்கிருந்துதான் ஆட்சி செய்தார்கள். ஏழு பேரும் பிரெஞ்சுக்காரர்கள்.

இவர்களில் இரண்டாமவர் இருபத்திரண்டாம் ஜான். 1316-இல் பதவிக்கு வந்தவர். அவின்யோனுக்கு வடக்கே இருந்த குன்றின்மேல் தனக்கொரு கோட்டை கட்டத் தொடங்கினார். கோடையில் தங்கவும் வடக்கு எல்லையைக் காவல் காக்கவும் அது பயன்பட்டது. குன்றைச் சுற்றித் திராட்சையும் ஒலிவமும் இருந்தன. அவின்யோனும் சுற்றுப்புறமும் போப்புகள் ரோம் திரும்பிய பின்னரும் 1791 வரை அவர்களின் ஆட்சிப்பகுதியாகவே நீடித்தன. பிரெஞ்சுப் புரட்சியின்போதுதான் பிரான்சோடு சேர்ந்தன.

அந்தக் கோட்டை இன்னும் நிற்கிறதா?

பாதிதான் நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் மதப்போர்களில் எரிந்து சூறையாடப்பட்டது. கல்லைப் பெயர்த்து ஊர்மக்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். கடைசியாக எஞ்சிய கோபுரத்தை இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை ஆயுதக் கிடங்காக வைத்திருந்து, 1944 ஆகஸ்டில் பின்வாங்கும்போது வெடிவைத்தது. வடக்குப் பாதி சரிந்தது. தெற்குப் பாதி மட்டும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. ஒயின் பாட்டில்களில் நீங்கள் பார்க்கும் கோட்டைப் படம் இதுதான்.

அப்படியானால் போப்புகள் குடித்த அதே ஒயினைத்தான் இன்றும் குடிக்கிறோமா?

இல்லை. விற்பனைக்காரர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். திராட்சை அன்றும் விளைந்தது, போப்புகளும் குடித்தார்கள். ஆனால் இன்றைய ஒயினின் முகம் மிக அண்மைக்காலத்தது. 18-ஆம் நூற்றாண்டில்கூட இதை 'அவின்யோன் ஒயின்' என்றுதான் அழைத்தார்கள். ஊரின் பெயரே அப்போது வேறு. சுண்ணாம்புச் சூளைகள் நிறைந்த இடம் என்பதால் ஷாதோநஃப்-கல்செர்னியே. 'து பாப்' அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 1893-இல்தான்.

இதற்கு நடுவே ஒரு பேரழிவும் நடந்தது. 1862-இல் ரோன் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ரொக்மோர் என்ற ஊரில் ஒரு ஒயின் வியாபாரி அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைச் செடிகளைத் தன் தோட்டத்தில் நட்டார். அந்தச் செடிகளின் வேரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சி இருந்தது. பெயர் ஃபிலொக்சேரா. வேரைக் கடித்துச் சாறு உறிஞ்சும் அந்தப் பூச்சியைத் தாங்க அமெரிக்கக் கொடிகளுக்குத் தெரியும், ஐரோப்பியக் கொடிகளுக்குத் தெரியாது. சில வருடங்களில் ரொக்மோர் தோட்டங்கள் காய்ந்தன. அப்புறம் ஆற்றைத் தாண்டி ஷாதோநஃப், அடுத்து பிரான்ஸ் முழுக்க. கடைசியில் கண்ட தீர்வு, அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதிமேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. இன்று இங்கே நிற்கும் செடிகளில் பெரும்பாலானவை அப்படி ஒட்டுக்கட்டிய பரம்பரைதான். ஆற்றங்கரையில் நின்று எதிரே ரொக்மோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். ஒரு நாட்டின் விவசாயத்தையே புரட்டிப்போட்ட விஷயம் கூப்பிடு தூரத்தில் தொடங்கியிருக்கிறது.

படங்களில் தோட்டம் முழுக்கக் கல்லாக இருக்கிறதே. மண் எங்கே?

மண் கல்லுக்கு அடியில் இருக்கிறது. சிவந்த களிமண். மேலே கிடப்பவை ஆல்ப்ஸ் மலையிலிருந்து ரோன் ஆறு பழங்காலத்தில் உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கற்கள். ஒவ்வொன்றும் மாங்காய் அளவு, சில தேங்காய் அளவு. ஆறு பாதை மாறிக் கீழே இறங்கிவிட்டது, கற்கள் மேட்டிலேயே தங்கிவிட்டன. உழுதால் கொழுமுனை தேயும். நடந்தால் கணுக்கால் வலிக்கும்.

இந்தக் கற்கள் பகல் வெயிலை உள்ளே வாங்கி இரவில் மெல்ல விடுகின்றன, அதனால் பழம் நன்றாகப் பழுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இங்கே வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 2,800 மணி நேரம் அடிக்கிறது. கற்களின் இன்னொரு வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவை மண்ணுக்கு மூடாக்கு மாதிரி. கோடையில் அடியிலுள்ள களிமண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் கல் இல்லை. சில இடம் சுண்ணாம்புப் பாறை, சில இடம் வெறும் மணல். இந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற தோட்டங்களில் ஒன்றான ரயாஸில் மணல்தான், கூழாங்கல் தேடினாலும் அரிது. கல் மட்டுமே இந்த ஒயினின் ரகசியம் என்று யாராவது சொன்னால் ரயாஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்த்ரால் என்றால் என்ன?

வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக வீசும் குளிர்ந்த, வறண்ட காற்று. சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். செடிகள் குட்டையாக, பந்தலோ கம்பியோ இல்லாமல் தரையை ஒட்டிப் புதர்போல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கவாத்து செய்யும்போதே கிண்ணம் போன்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். காற்றால் கிளை முறியும், பூ உதிரும். ஆனால் மழை பெய்த மறுநாளே அது குலைகளைத் துடைத்ததுபோல் காயவைத்துவிடும், பூஞ்சை நோய் அண்டாது. மருந்தடிக்காமல் விவசாயம் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தக் காற்று பெரிய துணை.

பதின்மூன்று வகைத் திராட்சை என்கிறார்களே, எல்லாவற்றையும் கலக்கிறார்களா?

கலக்க அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர், சான்சோ, கூனுவாஸ், முஸ்கார்தேன், வக்காரெஸ், தெரே, பிக்பூல், கிளேரெத், பூர்பூலாங், ரூசான், பிகார்தான் என்பது மரபான பட்டியல். இதில் வெள்ளைத் திராட்சைகளும் இருக்கின்றன. சிவப்பு ஒயினிலும் அவற்றைக் கொஞ்சம் சேர்க்கலாம். ஒரே வகையின் கருப்பு, வெள்ளை நிற வேறுபாடுகளைத் தனித்தனியாக எண்ணினால் இன்றைய விதிப்படி 18.

நடைமுறையில் தோட்டங்களில் பெரும்பகுதி கிரெனாஷ்தான். இனிப்பும் மதுச்செறிவும் நிறையத் தரும் பழம், ஆனால் தோல் மெல்லியது, காற்று பட்டால் சீக்கிரம் நிறம் வெளுக்கும். மூர்வெத்ர் நேர் எதிர். தாமதமாகப் பழுக்கும், தோல் தடிப்பு, துவர்ப்பு அதிகம், காற்று பட்டாலும் சீக்கிரம் வெளுக்காது. சிரா நிறமும் மிளகு வாசமும் கொடுக்கும். கூனுவாஸ் புளிப்பும் புத்துணர்ச்சியும். சாம்பார்ப் பொடியில் மல்லி அதிகம், வெந்தயம் கொஞ்சம். ஆனால் வெந்தயம் இல்லாவிட்டால் நாக்கு கண்டுபிடித்துவிடும். சிறு அளவில் சேரும் வகைகளை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஒயினுக்கு இவ்வளவு விதிகளை யார் எழுதியது? அரசாங்கமா?

விவசாயிகளே எழுதினார்கள். இந்த ஊரின்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

ஃபிலொக்சேரா அழிவுக்குப் பிறகு பிரான்சில் ஒயின் பற்றாக்குறை, கூடவே கலப்படம். எங்கோ விளைந்ததை ஷாதோநஃப் என்ற பெயரில் விற்றார்கள். இங்கே விளைந்த நல்ல ஒயினோ மொத்தமாகப் பீப்பாயில் போய் வேறு ஊர்களின் மெலிந்த ஒயினுக்கு வலு சேர்த்தது. பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு.

1923-இல் விவசாயிகள் சிலர் ஃபோர்தியா தோட்டத்தின் பரோன் பியேர் லெ ருவாவிடம் போனார்கள். சட்டம் படித்தவர், முதல் உலகப்போரில் போர்விமானம் ஓட்டியவர், அந்தத் தோட்டத்துப் பெண்ணை மணந்து இந்த ஊருக்கு வந்தவர். எங்கள் பெயரைக் காப்பாற்றித் தாருங்கள் என்று கேட்டார்கள். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் நீங்கள் உங்களுக்கே கட்டுப்பாடு விதித்துக்கொள்ள வேண்டும், குற்றம் சொல்ல இடமில்லாமல் நடக்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

எந்த நிலம் உள்ளே, எந்த நிலம் வெளியே என்று பிரிக்க அவர் சொன்ன அளவுகோல் எளிமையானது. லாவெண்டரும் தைம் செடியும் தானாக வளரும் வறண்ட நிலமாக இருக்க வேண்டும். ஈரமும் வளமும் நிறைந்த நிலத்தில் திராட்சை கொழிக்கும், ஆனால் சாறு நீர்த்துவிடும். அப்புறம் வழக்குகள். 1929-இல் தீர்ப்பு வந்தது, 1933-இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1936 மே 15 அன்று, பிரான்சில் முதன்முதலாக 'கட்டுப்படுத்தப்பட்ட விளைவிடப் பெயர்' என்ற சட்டப் பாதுகாப்பு பெற்றவற்றில் ஷாதோநஃப்-து-பாப்பும் ஒன்றானது. இன்று பிரான்சின் பாலாடைக்கட்டிக்கும் வெண்ணெய்க்கும்கூட இருக்கும் இந்த ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது.

அந்த விதிகளில் முக்கியமானவை?

மகசூலுக்கு உச்சவரம்பு உண்டு: ஹெக்டேருக்கு 3,500 லிட்டர், ஏக்கர் கணக்கில் சுமார் 1,400 லிட்டர். பிரான்சிலேயே மிகக் குறைந்த வரம்புகளில் ஒன்று. அறுவடை கையால் மட்டுமே, இயந்திரம் கூடாது. மதுச்செறிவு குறைந்தது 12.5 சதவீதம் இருக்க வேண்டும், அதுவும் பழத்தின் சொந்தச் சர்க்கரையிலிருந்து. வெளியிலிருந்து சர்க்கரை போடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி தரம் பிரிப்பது பற்றியது. பழைய விதியின்படி விளைச்சலில் குறைந்தது 5 சதவீதத்தைக் கழித்துக்கட்ட வேண்டும். எவ்வளவு நல்ல ஆண்டாக இருந்தாலும் சரி. தன் கையால் பறித்த பழத்தில் ஒரு பகுதியைத் தானே ஒதுக்குவது விவசாயிக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளை ஒயின், ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயின் உண்டா?

வெள்ளை உண்டு, மிகக் குறைவு. ரோஸே இந்தப் பெயரில் கிடையாது. ரோஸே வேண்டுமென்றால் ஆற்றின் அக்கரையில் தவேல் என்ற ஊர் இருக்கிறது, அங்கே அது மட்டும்தான்.

இந்த ஊரில் பறக்கும் தட்டுக்குத் தடை என்பது உண்மையா?

உண்மை. 1954-இல் பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டு பார்த்ததாகப் பேச்சு. அந்த அக்டோபரில் மேயர் லூசியான் ஜேன் ஓர் உத்தரவு போட்டார்: பறக்கும் தட்டுகளோ பறக்கும் சுருட்டுகளோ ஊர் எல்லைக்குள் பறப்பதற்கும் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் தடை, மீறினால் ஊர்க்காவலர் பறிமுதல் செய்வார். ஊருக்கு நல்ல விளம்பரம் கிடைத்தது. உத்தரவு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

போகாஸ்தெல் தோட்டத்தின் கதை என்ன?

எல்லையின் வடகோடியில், கூர்தேசோன் ஊரை ஒட்டி இருக்கிறது. 1549-இல் பியேர் த போகாஸ்தெல் என்பவர் கூதுலே என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தையும் அதை ஒட்டிய நிலத்தையும் வாங்கியதாகப் பத்திரம் சொல்கிறது. குடும்பப் பெயரே தோட்டத்தின் பெயரானது. அவர்கள் முதலில் புராட்டஸ்டன்ட்கள். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் கத்தோலிக்கத்துக்கு மாறினார்கள். 1687-இல் அந்தக் குடும்பத்தவருக்கு ஊர்த்தளபதிப் பதவி கிடைத்தது. பழைய வீட்டின் சுவரில் குடும்பச் சின்னம் இன்னும் இருக்கிறது.

ஃபிலொக்சேரா இதையும் விடவில்லை. 1909-இல் பியேர் திராமியே தோட்டத்தை வாங்கி மறுபடி நடத் தொடங்கினார். அவருக்குப் பின் மருமகன் பியேர் பெரேன், அப்புறம் அவர் மகன் ஜாக் பெரேன். தோட்டம் இன்றும் பெரேன் குடும்பத்தின் கையில்தான்.

ஜாக் பெரேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1950-இலேயே ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் நிறுத்தினார். போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க மூட்டை மூட்டையாக உரம் வந்துகொண்டிருந்தது. மகசூலைப் பெருக்குங்கள் என்று எல்லாப் பக்கமும் சொன்னார்கள். அவர் எதிர்த்திசையில் நடந்தார். ஆட்டு எரு, கம்போஸ்ட், உழவு. 1974-இல் நிலவின் ஓட்டத்தையும் பருவத்தையும் கணக்கில் கொள்ளும் உயிராற்றல் வேளாண்மைக்கு மாறினார்கள். நிலவுக் கணக்கில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நஞ்சு படாத மண் அது.

பக்கத்துத் தோட்டங்கள் கிரெனாஷை மட்டும் நட்டுக்கொண்டிருந்தபோது அவர் மூர்வெத்ரையும் கூனுவாஸையும் விரும்பி நட்டார். யாரும் சீண்டாத முஸ்கார்தேன், தெரே போன்றவற்றையும் விடவில்லை. இன்று பதின்மூன்று வகைகளையும் வளர்க்கும் மிகச் சில தோட்டங்களில் போகாஸ்தெல் ஒன்று. அதன் சிவப்பு ஒயினில் கிரெனாஷும் மூர்வெத்ரும் தலா ஏறக்குறைய 30 சதவீதம், மீதியை மற்றவை பகிர்ந்துகொள்கின்றன. இந்த ஊருக்கு இது அசாதாரணமான கலவை.

போகாஸ்தெலில் திராட்சையைச் சூடாக்குவார்களாமே?

ஆமாம், கொஞ்ச நேரத்துக்கு மட்டும். குலையிலிருந்து உதிர்த்த பழங்களைக் குழாய் வழியாக அனுப்பி, தோல் மட்டும் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொடும்படி வேகமாகச் சூடாக்கி, உடனே 20 டிகிரிக்குக் குளிரவைப்பார்கள். தோலில் இருக்கும் சில நொதிகள் சாற்றைக் காற்றோடு வினைபுரியவைத்துப் பழுப்பாக்கும். வெப்பம் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது, வேண்டாத கிருமிகளையும் குறைக்கிறது. பாலைக் காய்ச்சி ஆறவைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகத்தின் அளவைக் குறைக்க முடிகிறது. நிறமும் வாசமும் தோலிலிருந்து சீக்கிரம் இறங்குகின்றன.

அதற்குப் பின் ஒவ்வொரு வகையும் தனித்தனியாக நொதிக்கும். காற்றுக்குப் பயப்படும் கிரெனாஷ் மூடிய சிமெண்டுத் தொட்டியில். காற்று தேவைப்படும் மூர்வெத்ரும் சிராவும் மரத்தொட்டியில். பிறகு குடும்பமே உட்கார்ந்து சுவைத்துப் பார்த்துக் கலவையை முடிவு செய்யும். கலந்ததை 'ஃபூத்ர்' எனப்படும் ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய ஓக் பீப்பாய்களில் ஓராண்டு வைப்பார்கள். பீப்பாய் பெரிதாகவும் பழையதாகவும் இருப்பதால் மரவாசம் ஒயினில் ஏறாது. ஒயினில் மர வாசம் தூக்கலாக அடிப்பது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அதனால் இந்தப் பழக்கத்துக்குத் தனியாக ஒரு நன்றி.

ஓமாஜ், கூதுலே என்று வேறு பாட்டில்களும் பார்த்தேன். என்ன வித்தியாசம்?

'ஓமாஜ் ஆ ஜாக் பெரேன்' என்பது 'ஜாக் பெரேனுக்கு அஞ்சலி'. அவர் மகன்கள் ஜான்-பியேரும் ஃபிரான்சுவாவும் 1989 விளைச்சலிலிருந்து தொடங்கினார்கள். மிக நல்ல ஆண்டுகளில் மட்டும் வரும், பெரும்பகுதி அவருக்குப் பிரியமான மூர்வெத்ர். விலை மிக அதிகம்.

கூதுலே அதே தோட்டத்தின் இன்னொரு பகுதி. இடையே ஏ7 நெடுஞ்சாலை ஓடுகிறது; பாரிஸ்காரர்கள் கோடை விடுமுறைக்கு மத்தியதரைக் கடலுக்குப் போகும் சாலை. சாலைக்கு மேற்கே விளைந்தால் ஷாதோநஃப்-து-பாப், கிழக்கே விளைந்தால் சாதாரண 'கோத்-து-ரோன்' என்ற பெயர். அதே ஆட்கள், அதே கவனிப்பு, விலை பாதிக்கும் கீழே. முதன்முறை சுவைக்க விரும்புகிறவர்கள் கூதுலேயில் தொடங்கலாம் என்பேன்.

சுவை எப்படி இருக்கும்?

இளமையில் கருஞ்சிவப்புப் பழங்கள், செர்ரி, கொஞ்சம் அதிமதுரம், வெயிலில் காய்ந்த மூலிகைகளின் வாசம். தோட்டத்தைச் சுற்றிப் புதர்க்காட்டில் வளரும் தைம், ரோஸ்மேரி வாசம் அது. வயதாக ஆகப் பழவாசம் பின்னால் போய்ப் பதனிட்ட தோல், காய்ந்த அத்தி, புகையிலை, ஈர மண் முன்னால் வரும். மூர்வெத்ர் அதிகமுள்ள ஒயினில் தோல்வாசம் தூக்கலாக இருக்கும். பழைய பாட்டில்களில் சிலசமயம் மாட்டுத்தொழுவ வாடை வரும். ஒருவகைக் காட்டு ஈஸ்ட் தருவது. துளியளவில் சிலருக்குப் பிடிக்கும், கூடிப்போனால் குறைதான்.

மதுச்செறிவு 14, 15 சதவீதம் வரை போகும். மெதுவாகக் குடிக்க வேண்டிய ஒயின்.

எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

நல்ல ஆண்டின் போகாஸ்தெல் 20 ஆண்டு, அதற்கு மேலும் தாங்கும். வாங்கிய முதல் மூன்று நான்கு வருடத்தில் குடித்துவிடலாம், அல்லது பத்து வருடம் பொறுக்கலாம். நடுவில் ஒரு காலம் வாசமெல்லாம் உள்ளே ஒடுங்கி ஒயின் வாய்திறக்காமல் இருக்கும். ஆறாம் ஏழாம் ஆண்டில் திறந்து ஏமாந்தவர்கள் நிறைய. நானும் அவர்களில் ஒருத்தன். வைக்கும் இடம் இருட்டாக, 12 முதல் 15 டிகிரி குளிர்ச்சியில், அதிர்வில்லாமல் இருக்க வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் சேர்த்து வைக்க ஆசைப்படாதீர்கள்.

எப்படிப் பரிமாறுவது? எந்த உணவோடு?

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்காகச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி சரி. சூடான ஊரில் இருந்தால் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். இளம் ஒயினை அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுவது நல்லது.

அங்கே ஆட்டிறைச்சியோடும், ஒயினிலேயே மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவைக்கும் 'தோப்' குழம்போடும், குளிர்காலத்தில் ட்ரஃபிள் காளானோடும் குடிப்பார்கள். மிளகாய்க் காரமும் மதுச்செறிவும் சேர்ந்தால் நாக்கு எரியும். அதனால் காரம் குறைந்த, மிளகு தூக்கலான உணவு பொருந்தும்.

இது சைவமா?

சைவ நண்பர்கள் கேட்ட கேள்வி இது. ஒயினில் மிதக்கும் துகள்களைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்துவது பிரான்சில் பழைய வழக்கம். அது வண்டலோடு அடியில் தங்கிவிடும் என்றாலும், கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் வாங்குமுன் அந்தந்தத் தோட்டத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல பாட்டிலை எப்படி அடையாளம் காண்பது?

பாட்டிலின் தோளைத் தடவிப் பாருங்கள். போப்பின் மணிமுடியும் புனித பேதுருவின் சாவிகளும் கண்ணாடியிலேயே புடைப்பாக வார்த்திருக்கும். 1937-இல் உருவான பாட்டில் இது. ஆனால் எல்லாத் தோட்டங்களும் அதைப் பயன்படுத்துவதில்லை, வேறு சின்னம் உள்ள பாட்டில்களும் உண்டு. அதனால் லேபிளில் ஊர்ப்பெயரோடு, தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டது என்ற பொருள்படும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியில் 'ஓ ஷாதோ' அல்லது 'ஓ தொமேன்' என்று வரும்.

வெப்பம் கூடிவருகிறதே, இந்த ஒயின் தாங்குமா?

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். பழம் சீக்கிரமே இனித்துவிடுகிறது, மதுச்செறிவு ஏறுகிறது, புளிப்பு குறைகிறது. அறுவடை நாள் முன்னால் நகர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் வெப்பத்தை ஏங்கித் தேடிய ஊர், இப்போது நிழலைத் தேடுகிறது. இங்கேதான் மறந்துபோன வகைகளுக்கு மறுபடி மதிப்பு. தாமதமாகப் பழுக்கும் மூர்வெத்ர், செறிவு ஏறாமல் புளிப்பைக் காக்கும் கூனுவாஸ் இவற்றை இப்போது மற்றவர்களும் நடத் தொடங்கியிருக்கிறார்கள். யாரும் கேட்காத நாளில் இவற்றைக் காப்பாற்றி வைத்த ஜாக் பெரேனுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

போகாஸ்தெல் தன் புதிய நிலவறையைக் கட்ட, உலகெங்கிலுமிருந்து வந்த திட்டங்களில் மும்பையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பிஜோய் ஜெயினின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. தோட்டத்திலேயே தோண்டிய மண்ணை இடித்துக் கெட்டித்துச் சுவர் எழுப்புவது, மழைநீரைத் தேக்குவது, மிஸ்த்ரால் காற்றையே குளிரூட்டப் பயன்படுத்துவது என்பது அதன் அடிப்படை. மண்சுவர் வீட்டின் குளிர்ச்சி தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் அவின்யோன் வர மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஷாதோநஃப்பில் ரயில் நிலையம் இல்லை. அவின்யோனிலிருந்து சாலைவழி இருபது கிலோமீட்டருக்குள்தான். ஊருக்குள் சுவைத்துப் பார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கும். பெரிய தோட்டங்களுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அறுவடை, அப்போது அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பழம் நிறம் மாறுவதைக் கொண்டாடும் திருவிழா நடக்கும், கூட்டம் அதிகம். மே, ஜூன் மாதங்களில் வந்தால் செடி பச்சையாக இருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும்.

மாலையில் கோட்டைக்கு ஏறுங்கள். தெற்கே அவின்யோனின் போப் அரண்மனை தெரியும், கிழக்கே வெண்தலை வான்தூ மலை, மேற்கே ஆறும் அதற்கு அப்பால் ரொக்மோரும். நான் முதல்முறை போன அன்று மிஸ்த்ரால் அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. கீழே தோட்டத்தில் செடிகள் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றன, ஒரு குலைகூட ஆடவில்லை.